பறை எந்த இடத்தில் கலை ஆகிறது? – உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

(சென்னை, பிறந்த ஊர் மதுரைப் பக்கம்)

எது கலை, அது ஊருக்கு என்ன செய்கிறது என்று பேச்சு வந்தாலே எனக்குப் பறைதான் நினைவுக்கு வரும். முதலில் என் கதையை எழுதுகிறேன். உங்களுக்கும் பறையோடு ஏதாவது நடந்திருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

எனக்குப் பதினொரு வயதில் தாத்தா தவறிப்போனார். காலை ஏழு மணிக்கெல்லாம் நாலு பேர் கொட்டோடு வந்து தெருமுனை வேப்பமரத்தடியில் நின்றார்கள். பந்தலுக்குள் வரவில்லை. தாத்தாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்கப் போனபோது முன்னால் நடந்தார்கள். திரும்பியதும் மறுபடி மரத்தடிதான். எங்களுக்கெல்லாம் எவர்சில்வர் டம்ளரில் காபி, அவர்களுக்குக் காகிதக் கப்பில். அன்றைக்கு எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

அப்பத்தா காலையிலிருந்து அழவே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வாக்கில் கொட்டு சட்டென்று இறங்கி, ஒவ்வொரு அடிக்கும் நடுவில் இடம் விட்டு விட்டு வர ஆரம்பித்தது. அந்த இடைவெளிக்குள் அப்பத்தாவின் குரல் நுழைந்தது. முதலில் முனகல், அப்புறம் முழு ஒப்பாரி. ஒப்பாரி மூச்சு வாங்கும் இடத்தில் கொட்டு எடுத்துக்கொள்ளும். கொட்டு தாழும் இடத்தில் ஒப்பாரி ஏறும். தெருமுனையில் நின்றவர்களுக்கும் உள்ளே இருந்த அப்பத்தாவுக்கும் நடுவே முப்பது அடி தூரம் இருக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. இருந்தும் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை.

வேலைக்காகச் சென்னை வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமைப் பறை வகுப்புக்குத் தோழி அழைத்துப் போனாள். முதல் நாள் ஆசான் அடிக்கவே விடவில்லை. கருவியைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். வேப்பமரத் துண்டுகள் மூன்றை வளைவாக இணைத்த வட்டம், இணைப்பில் இரும்புப் பட்டை, புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத்தோல். இடது கைக்கு மெல்லிய சிண்டுக் குச்சி, வலது கைக்குத் தடித்த அடிக் குச்சி. அப்புறம் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காயவைத்தார். தீக்கு நேரே திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே இடத்தில் காட்டினால் கருகிவிடும். விரலால் சுண்டிப் பார்த்தார். "இன்னும் தூங்குது" என்றார். மறுபடி காட்டி, மறுபடி சுண்டினார். இந்தத் தடவை சத்தம் கணீரென்று வந்தது. "இப்ப முழிச்சிருச்சு."

மூன்றாவது மாதம் ஒரு மெதுவான அடி சொல்லிக்கொடுத்தார். நாலாவது சுற்றில் என் கை தானாக நின்றுவிட்டது. தாத்தா சாவில் கேட்ட அதே அடி. "ஆசான், இது சாவுக்கு அடிக்கிறதுதானே?" என்றேன். "சாவடி இருக்கு, சாமிச்சாட்டு அடி இருக்கு, வாழ்த்தடி இருக்கு. எல்லாம் ஒரே தோல்லதாம்மா பேசுது" என்றார்.

போன வருடம் ஒரு கல்லூரி விழாவில் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஆடினோம். பொன்னாடை போர்த்தினார்கள், எழுந்து நின்று கைதட்டினார்கள். வீடியோவை அம்மாவுக்கு அனுப்பினேன். "சாவுக்கொட்ட நீ எதுக்குடி தூக்குற?" என்று ஒரே வரி பதில்.

மரத்தடியில் பகல் முழுக்க நின்று அடித்தவர்களின் கைக்கு என் கை பக்கத்தில்கூட வராது. எனக்குப் பொன்னாடை, அவர்களுக்குக் காகிதக் கப். கருவி அதேதான், அடியும் அதேதான். அப்படியென்றால் கலை என்ற பெயரை எதற்குக் கொடுக்கிறோம், அடிக்கா, அடிப்பவருக்கா, நிற்கும் இடத்துக்கா?

* * *

(விழுப்புரம் மாவட்டம்)

அக்கா, நீங்கள் அந்தப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான் மரத்தடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

எங்கப்பா மேளம் அடித்தவர். சுற்று வட்டாரத்தில் அவர் கைக்கு ஒரு பெயர் இருந்தது. நான் ஆறாவது படிக்கும்போது பரணில் இருந்த பறையை எடுத்து ஒரு தட்டு தட்டினேன். அவர் என்னை அடித்தது அந்த ஒரு நாள்தான். "இது என்னோட போவட்டும்னு நெனைக்கிறேன், நீ எடுக்கிறியா?" என்றார். அவருக்கு அது பிடிக்காமல் இல்லை. மழை நாளில் அடுப்புப் பக்கம் தோலைக் காயவைத்துக்கொண்டு, அடிக்காமல் சும்மா மடியில் வைத்திருப்பார்.

பிரச்சினை என்னவென்றால், ஊரில் சாவு விழுந்தால் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்க மாட்டார்கள். காய்ச்சலா, வீட்டில் விசேஷமா, அதெல்லாம் கணக்கில்லை. கூலி பேசவும் முடியாது, கொடுத்ததை வாங்க வேண்டும். ஒரு வருடம் எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து இனிமேல் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்றார்கள். அதற்காக ஊரார் ஒரு மாதம் அறுவடை வேலைக்கு எங்கள் தெருவில் யாரையும் கூப்பிடவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இது நடந்திருக்கிறது. பறையைத் தீயில் போட்டு எரித்தவர்களும் உண்டு. அவர்களைக் கலையை அழித்தவர்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் எரித்தது ஒரு கட்டளையை.

தொல்காப்பியத்தில் தெய்வம், உணவு, மரம், புள் என்று கருப்பொருள்களை அடுக்கும்போது பறையும் வருகிறது. மேடையில் இதைச் சொன்னால் எல்லாரும் பெருமைப்படுகிறார்கள், எனக்கும் பெருமைதான். ஆனால் இரண்டாயிரம் வருடப் பெருமை எங்கப்பாவைப் பந்தலுக்குள் ஒரு நாளும் கூட்டிப் போகவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: அடிக்க மாட்டேன் என்று சொல்ல முடிகிற இடத்தில்தான் பறையைக் கலை என்று நான் ஒத்துக்கொள்வேன். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போகாமல் தூங்கலாம். எங்கப்பாவால் முடியாது. கையில் இருந்த வித்தை அப்பாவுடையது நூறு மடங்கு பெரிது, அதில் சந்தேகமே வேண்டாம். அந்த வித்தையை இந்தக் கட்டாயம்தான் மூடி வைத்திருந்தது. ஊருக்குக் காதில் விழுந்தது சத்தம் மட்டும்தான்.

திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையோடு ஆடியதை நேரில் பார்த்திருக்கிறேன். சாவு வீட்டில்கூடப் பெண்கள் கையில் கொடுக்காத கருவி. யாரும் வந்து சொல்லிவிட்டுப் போகாமல், தாங்களாக எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு அந்தச் சத்தம் கூசவில்லை. 2025-ல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தபோது அப்பாவுக்கு போன் செய்தேன். "பறைக்கா குடுத்தாங்க?" என்று மூன்று தடவை கேட்டார். பரணில் இருந்ததை இறக்கினாரா என்று கேட்காதீர்கள். இறக்கவில்லை. அது அவர் விருப்பம்.

* * *

(திருவண்ணாமலை மாவட்டம், அரசுப் பள்ளி ஆசிரியை)

தம்பி எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தேன். ஒன்று மட்டும் சொல்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா வந்த பிறகு எங்கள் பள்ளியிலும் பறைக் குழு ஒன்று சேர்த்தேன். எனக்கு அடிக்கத் தெரியாது, வீடியோ பார்த்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், குழுவிலேயே இல்லாதவன், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது நாள் பொறுக்க முடியாமல் உள்ளே வந்து, "மிஸ், சிண்டு அப்படிப் புடிக்கக் கூடாது, வெரலு வலிக்கும்" என்று என் கையைத் திருத்தினான். பிடித்துக் காட்டியபோது அந்தக் குச்சி அவன் விரலுக்கே முளைத்தது மாதிரி இருந்தது. "எங்கடா கத்துக்கிட்ட?" என்றேன். சட்டென்று குச்சியைக் கீழே வைத்துவிட்டான். யூடியூப் என்றான்.

மறுநாள் பிரேயருக்கு முன்னால் தனியாக வந்தான். "எங்க தாத்தா மிஸ். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

சொல்லவில்லை. குழுவில் சேரச் சொல்லிக் கூப்பிடவும் மனம் வரவில்லை. தம்பி சொல்வதை வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரிதான் போல. ஆனால் அந்தக் கையை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. கூப்பிட்டிருக்கலாமோ?

* * *

(சென்னை)

டீச்சர், எனக்கும் தெரியவில்லை. பையன் கேட்டு வந்தால் கதவு திறந்திருக்கட்டும்.

தம்பி, உங்கள் பதிலைப் படித்த அன்று ராத்திரியே அம்மாவுக்கு போன் போட்டேன். தாத்தாவுக்குக் கொட்டடித்த நாலு பேர் பெயர் என்ன என்று கேட்டேன். தாத்தா சாவுக்கு யார் யார் எத்தனை முழம் கோடித் துணி போட்டார்கள் என்பது வரை அம்மாவுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இந்த நாலு பேர் பெயர் தெரியவில்லை. "தெக்குத்தெரு ஆளுக" என்றார். சித்தப்பாவிடம் கேட்டேன், பெரியத்தையிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் அந்த மத்தியான அடி மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். தெற்குத் தெருவில் நானே போய்க் கேட்கிறேன். இருக்கிறார்களா என்றுகூடத் தெரியாது. போய்விட்டு வந்து இங்கே எழுதுகிறேன்.