சின்ன வீட்டில் சாப்பிட எது வசதி: மடக்கு மேசையா, கல் மேடையா, தரையா?

மாடிப்படி: 650 சதுர அடி வீடு. அடுக்களை வாசலை ஒட்டி ஹாலில் 7க்கு 5 அடி மூலை இருக்கிறது. நாங்கள் நாலு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சுவரில் மடக்கு மேசை போடலாம் என்கிறார் ஆசாரி. கிரானைட் மேடை கட்டி உயர ஸ்டூல் போடச் சொல்கிறான் தம்பி. எதைச் செய்ய?

தேக்குமரம்: மேடை வேண்டவே வேண்டாம் சார். மேடை மூன்றடிக்கு மேல் வரும், ஸ்டூல் இரண்டடிக்கு மேல். அம்மா எப்படி ஏறுவார்? ஏறினாலும் கால் தொங்கும். சாதாரண மேசை இரண்டரை அடி, நாற்காலி ஒன்றரை அடி. பாதம் தரையில் பதியும். மடக்கு மேசையே போடுங்கள்.

வாழையிலை: எனக்கு ஒப்புதல் இல்லை. எங்கள் வீட்டு மடக்கு மேசையை முதல் மாதம்தான் மடக்கினோம். அப்புறம் ஊறுகாய் ஜாடி, மாத்திரை டப்பா எல்லாம் அதில் குடியேறிவிட்டன. முட்டி வலிக்காரர்கள் மேசையை ஊன்றித்தான் எழுவார்கள். நாலரை அங்குலச் சுவரில் ஸ்க்ரூ ஆடிப்போய், ஒரு நாள் சாம்பார் பாத்திரத்தோடு சரிந்தது. இப்போது பாய் விரித்துத் தரையில்தான் சாப்பிடுகிறோம், நிம்மதி. அம்மாவுக்கு மட்டும் ஒரு நாற்காலி போடுங்கள், போதும்.

தேக்குமரம்: அதை மட்டும் செய்யாதீர்கள். என் மாமியாரை அப்படித்தான் உட்கார வைத்தோம். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிடுவார். "எல்லாரும் கீழே இருக்கும்போது மேலேயிருந்து ரசம் கேட்கக் கூச்சமா இருக்கு" என்று ஒரு நாள் சொன்னார். அன்றைக்கே பாயைச் சுருட்டினேன். சுவர் ஆடும் என்பது சரிதான். அதற்கு மேசையின் முன்பக்கம் ஒரு மடக்குக் கால் கொடுக்கலாம்.

வாழையிலை: ரசம் விஷயம் மனதைத் தைக்கிறது. நான் யோசிக்காத பக்கம் அது. ஆனாலும் சுவரை நம்ப மாட்டேன் அக்கா. நாலு காலில் நிற்கும் மேசை வாங்கட்டும்.

கொல்லைப்புறம்: நாலு நாற்காலியை இழுத்துப் போட அங்கே இடம் ஏது? நீளச் சுவரை ஒட்டி மரப் பெஞ்ச் அடியுங்கள்; அதைப் பின்னால் இழுக்க வேண்டியதில்லை. அடியில் அரிசி டின் வைக்கலாம். முன்னால் நாலுக்கு இரண்டரை அடி மேசை. ஹால் பக்கம் அம்மாவுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. கைப்பிடியை ஊன்றி எழலாம்.

மாடிப்படி: பெஞ்ச் யோசனை பிடித்திருக்கிறது. நாளைக் காலை கோலமாவால் தரையில் கோடு போட்டு, அம்மாவை உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்க்கிறேன்.

வாழையிலை: அடுக்களைக் கதவையும் முழுக்கத் திறந்து பாருங்கள். நாங்கள் அதைப் பார்க்காமல்தான் மாட்டிக்கொண்டோம்.