'நோய் கடத்தி'க்கு மாத்துச்சொல் வேணும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது

வணக்கம். டுஷென் தசைச்சிதைவு உள்ள பிள்ளைகளோட அம்மா அப்பாவுக்கு எட்டுப் பக்கத்துல கையேடு பண்றேன், கேரியர், அதாவது மரபணுப் பழுதைச் சுமந்து பிள்ளைக்குக் குடுக்கக்கூடியவங்க, அந்த ஒரே சொல்லுல நிக்குது. பழைய தாள்ல 'நோய் கடத்தி'ன்னு இருக்கு. போன வாரம் ஒரு அம்மா அதைப் படிச்சாங்க. பக்கத்துல பையன், அஞ்சு வயசு, கெண்டைக்கால் நல்லா பருத்திருக்கு, தரையிலேர்ந்து எந்திரிக்க முழங்கால்ல கை வச்சு, அப்புறம் தொடையில கை வச்சு, தன் உடம்பு மேலயே ஏறுற மாதிரி எந்திரிக்கிறான். அவங்க தாளைக் கவுத்து வச்சிட்டு "நான் எதைங்க கடத்துனேன்?"னு கேட்டாங்க. புகுந்த வீட்டுல ஏற்கெனவே உன் வீட்டு ரத்தம்தான்னு பேச்சு. அந்தச் சொல்லை மறுபடி அச்சடிக்க எனக்கு மனசு வரல.

---

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில நாங்கள் காவி எண்டுதான் படிச்சனாங்கள். காவுறது எண்டால் சுமக்கிறது, காவடியும் அந்த வேர்தான், ஔவை 'காவினெம் கலனே' எண்டு பாடினதும் அதைத்தான். சுமக்கிறதில குற்றம் ஒண்டும் இல்லை.

---

அண்ணா, வேர் சரிதான், ஆனா இங்க காவின்னா சாமியார் துணிதான் ஞாபகம் வரும். கரந்துறையர்னு வச்சா என்ன? கரந்துறைபாட்டுல ஒரு செய்யுளோட எழுத்துக்குள்ளயே இன்னொரு செய்யுள் ஒளிஞ்சிருக்கும், மேலோட்டமா படிச்சா தெரியாது. இதுவும் அப்படித்தானே, அம்மாவோட ரெண்டு எக்ஸ் குரோமோசோம்ல ஒண்ணுல தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் மரபணு பழுது, இன்னொண்ணு ஈடு கட்டிடுது, பையனுக்கு இருக்கிறதே ஒரு எக்ஸ்தான், அவன்கிட்ட வந்ததும் வெளிய தெரியுது.

---

ஐயா, கரத்தல்னா ஒளிக்கிறது. 'காக்கை கரவா கரைந்துண்ணும்'னா காக்கா ஒளிக்காம கூப்பிட்டுத் திங்குதுன்னுதானே அர்த்தம். கடத்துனவங்கன்னு சொன்னதுக்கே நொந்துபோனவங்களை இப்ப மறைச்சவங்கன்னு சொல்லப் போறோமா?

---

நான் டாக்டரா சொல்றேன், கேரியர்னே விட்டுருங்க, ரிசல்ட் தாள்ல அதுதான் வரும். சொல்லைவிட முக்கியமா மூணு விஷயம் கையேட்டுல இருக்கணும். கிட்டத்தட்ட மூணுல ஒரு பிள்ளைக்கு இது புதுசா வந்த மாற்றம், பெரும்பாலும் அம்மாகிட்ட இருக்காது, அதனால டெஸ்ட் பண்ணாம யாரையும் கேரியர்னு சொல்லக்கூடாது. ரெண்டாவது, கேரியரா இருக்கிற அம்மாக்கள்ல சிலருக்கு இதயத் தசை பலவீனமாகும், அவங்களுக்கும் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், பார்க்கணும், கரந்துறையர்னா ஒண்ணுமில்லைன்னு இருந்துடுவாங்க. இன்னொண்ணு, நாளைக்கு எஸ்எம்ஏங்கிற இன்னொரு பரம்பரைத் தசை பலவீன நோய்க்கும் கையேடு போடுவீங்க, அதுல பெரும்பாலும் அப்பாவும் கேரியர்தான், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு, பெண்பால்ல சொல் பண்ணிடாதீங்க.

---

டாக்டர் சார், எங்க ஊர்ல கேரியர்னா சோத்துக் கேரியர், இல்லன்னா சைக்கிள் கேரியர். அந்தம்மாவுக்கு அது மட்டும் புரிஞ்சிடுமா?

---

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து 'மரபணு மாற்றம் உள்ளவர்'னு எல்லா இடத்துலயும் மாத்திட்டேன், ரிசல்ட் தாள் படம் போட்ட பக்கத்துல மட்டும் கேரியர்னு ஒரு தடவை. டாக்டர் சொன்ன மூணையும் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்துட்டேன். நாலு பேர் சரின்னீங்க, அச்சுக்குக் குடுத்தாச்சு.

---

தங்கச்சி, நல்ல வேலை செய்திருக்கிறீர். ஆனா அது சொல்லில்லை, வசனம். வம்சப் படம் கீறேக்க ஒவ்வொரு வட்டத்துக்குக் கீழயும் அதை எப்பிடி எழுதுவீர்? காவியை நான் இன்னும் விடேல்லை.