உப்புமூட்டைச் சோதனை: நினைவகச் சில்லின் மேல் நல்ல சில்லை ஏற்றிப் பார்ப்பதற்கு ஒரு சொல்

வணக்கம்.

பழைய வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு வேலைக்கு நம் கலைச்சொல் அகராதிக்காகத் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். மேலடுக்குச் சோதனை, சுமைச் சோதனை, இரட்டைச் சில்லுச் சோதனை என்று மூன்று பரிந்துரைகள் வந்துவிட்டன. பேசாமல் ஆங்கிலத்தில் உள்ளபடி பிக்கிபேக் (முதுகில் ஏற்றுதல்) என்றே எழுதிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். என் பரிந்துரை உப்புமூட்டைச் சோதனை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வேலை கண்முன் நின்றால்தான் சொல் பொருந்துகிறதா என்று பார்க்க முடியும்.

1982-இல் வந்த கொமடோர் 64-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்ககாலப் பலகைகளில் 64 கிலோபைட் நினைவகம் எட்டுச் சில்லுகளில் (சிப்) இருக்கிறது. எல்லாம் 4164 வகை. ஒவ்வொரு சில்லும் 65,536 பிட்டுகளை வைத்துக்கொள்ளும். ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளும் ஆளுக்கொரு சில்லில் உட்கார்ந்திருக்கும். அதனால் ஒரு சில்லு கெட்டால் நினைவகத்தின் ஒரு மூலை மட்டும் போவதில்லை. எல்லாப் பைட்டுகளிலும் அதே இடத்துப் பிட் கெடுகிறது. இரண்டாவது பிட் (அதன் மதிப்பு 2) எப்போதும் 1 என்றே நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்: 1 என்று எழுதிவைத்தது 3 என்று திரும்பி வரும், 4 என்பது 6 ஆகும். செயலி இப்படிப்பட்ட நினைவகத்தை நம்பி எதையும் தொடங்க முடியாது. திரை கறுப்பாகவே நிற்கும்.

கறுப்புத் திரைக்கு வேறு காரணங்களும் உண்டு. மின்வழங்கியாக இருக்கலாம், செயலி எந்தச் சில்லோடு பேசுகிறது என்று தேர்ந்தெடுக்கும் பிஎல்ஏ சில்லாக இருக்கலாம். நினைவகம்தான் என்று சந்தேகம் வந்தாலும் எட்டில் எது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 16 கால். பலகையில் நேரடியாகப் பற்றவைத்த சில்லைக் கழற்றுவது என்றால் 16 துளைகளிலிருந்தும் ஈயத்தை உறிஞ்ச வேண்டும். நாற்பது வயதுப் பலகையில் சூடு கொஞ்சம் கூடினால் செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். நான் ஒருமுறை அப்படி இரண்டு தடங்களை இழந்தேன், கழற்றிய சில்லோ நல்ல சில்லு. அந்த வலி தெரிந்ததால்தான் இந்த வேலைக்கு நல்ல பெயர் அமைய வேண்டும் என்பதில் இவ்வளவு அக்கறை.

கழற்றாமல் பார்க்க ஒரு வழி உண்டு. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நன்றாக வேலை செய்வது உறுதியான ஒரு சில்லை எடுத்து, சந்தேகச் சில்லின் முதுகில் வைத்து அழுத்த வேண்டும். மேல் சில்லின் கால்கள் கீழ்ச் சில்லின் கால்களை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். பற்றவைக்கத் தேவையில்லை. இப்போது இரண்டுக்கும் ஒரே முகவரி, ஒரே கட்டளை, ஒரே தரவு போகிறது. படிக்கும்போது கீழே உள்ளது வாய் திறக்காமல் செத்துக்கிடந்தால், மேலே உள்ளது சொல்லும் விடை செயலிக்குப் போய்ச் சேரும். திரை உயிர்பெறும். அப்புறம் அந்த ஒரு சில்லை மட்டும் கழற்றினால் போதும்.

சரி, பெயருக்கு வருகிறேன். ஒருவரை முதுகில் ஏற்றிக்கொண்டு போவதற்குக் குழந்தைகள் சொல்லும் சொல் உப்புமூட்டை. ஏறியவரின் கால்கள் சுமப்பவரின் இடுப்பை இருபுறமும் கவ்வியிருக்கும். மேலே சொன்ன இரண்டு சில்லுகளை மனத்தில் நிறுத்திப் பாருங்கள், அதே நிலை. சில்லின் முனைகளை நாம் கால் என்றே சொல்லிப் பழகியிருப்பதால் உவமை அப்படியே உட்கார்ந்துவிடுகிறது. இந்தச் சோதனையைப் பார்த்தே இராத ஒருவரிடம் "அந்தச் சில்லு மேல் உப்புமூட்டை ஏற்றிப் பார்" என்றால், என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குப் பாதி புரிந்துவிடும். மற்ற பரிந்துரைகளிடம் அது இல்லை. அடுக்கு என்பதை நினைவகப் பேச்சில் ஏற்கெனவே ஸ்டாக் என்ற பொருளில் ஆள்கிறோம். சுமைச் சோதனை என்றால் லோட் டெஸ்ட், அது வேறு வேலை. இரட்டைச் சில்லு என்பது எண்ணிக்கையை மட்டும் சொல்கிறது, நிலையைச் சொல்லவில்லை.

ஆங்கிலச் சொல்லை மொழிபெயர்க்கலாமா என்று யோசித்தவர்களுக்கு ஒன்று. பிக்கிபேக்கில் கேட்கும் பன்றிக்கு (பிக்) உண்மையில் இடமே இல்லை. பழைய வடிவம் பிக் பேக் (pick pack). காலப்போக்கில் அது பன்றியாகத் திரிந்தது. முதுகில் ஏற்றுவதற்கு நம்மிடமே சொல் இருக்கும்போது அந்தத் திரிபைச் சுமக்க வேண்டியதில்லை.

இரண்டு மறுப்புகள் வந்திருக்கின்றன.

> விளையாட்டுப் பிள்ளைகளின் சொல்லைக் கலைச்சொல்லாக வைத்தால் கனம் இருக்காது.

இதை நான் ஏற்கவில்லை. சிப் என்பதற்கு நாம் எல்லோரும் ஏற்றுக்கொண்ட சில்லு என்ற சொல்லே தரையில் கட்டம் போட்டு நொண்டியடிக்கும்போது எறிகிற ஓட்டுத் துண்டின் பெயர்தான். இன்று யாருக்கும் அது கனமில்லாமல் தெரிவதில்லை. இன்னும் பின்னால் போனால் யாப்பிலக்கணம் இருக்கிறது. நேரிசை வெண்பாவில் முதல் இரண்டடியின் முடிவுக்கும் தனிச்சொல்லுக்கும் இடையில் ஓசை நிரம்பாவிட்டால் ஓர் அசையோ ஈரசையோ சேர்த்து ஒட்டுவார்கள். அந்த ஒட்டுக்குப் பெயர் ஆசு, உலோகத் துண்டுகளைப் பொருத்தப் பொற்கொல்லர் வைக்கும் பற்றாசுதான் அது. இலக்கணக்காரர்கள் பட்டறையிலிருந்து எடுத்தார்கள். நாம் விளையாட்டிலிருந்து எடுப்போம். (சால்டர், அதாவது பற்றவைக்கும் ஈயம், என்பதற்குப் பற்றாசையே மீட்டெடுக்கலாம் என்பது என் நெடுநாள் ஆசை. அதைத் தனி இழையில் பேசலாம்.)

> உப்புமூட்டையில் கீழே இருப்பவன்தான் உழைக்கிறான், ஏறியவன் சும்மா இருக்கிறான். சோதனையில் மேலே இருப்பதுதான் உழைக்கிறது. உவமை தலைகீழ்.

இது நல்ல கேள்வி. இரண்டு நாள் யோசித்தேன். பெயர் குறிப்பது நிலையை, உழைப்பை அல்ல என்பதே என் பதில். ஆனால் இந்தக் கேள்வி இன்னொன்றையும் எடுத்துக் காட்டியது. கீழே உள்ள சில்லு செத்தாலும் எப்போதும் அமைதியாக இருப்பதில்லை. அதன் வெளியீடு நிலத்தோடோ (0 வோல்ட்) 5 வோல்ட்டோடோ உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தால், மேலே இருப்பது எவ்வளவு சரியாகச் சொன்னாலும் கீழே உள்ளதன் பொய்தான் எடுபடும். ஆகவே திரை சரியானால் கீழ்ச் சில்லு கெட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். சரியாகவில்லை என்றால் அது நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எனவே முடிவைக் குறிக்கவும் சொல் வேண்டும்: "மூட்டை எடுபட்டது", "மூட்டை எடுபடவில்லை". "தேறியது", "தவறியது" என்று எழுதினால் சில்லுக்கே தீர்ப்பு சொன்னதாகிவிடும். எடுபடவில்லை என்பதில் அந்தத் தீர்ப்பு இல்லை.

வினை வடிவம் உப்புமூட்டை ஏற்று. கொஞ்ச நாளுக்கென்று அப்படியே பற்றவைத்து விட்டுவிட்டால் உப்புமூட்டைச் சில்லு. வலையமைப்பில் ஒப்புகையை (வந்து சேர்ந்தது என்ற பதிலை) தரவோடு சேர்த்து அனுப்புவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான், ஆனால் அதற்கு உடனனுப்பு போதும். ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் திணிக்க வேண்டாம்.

அகராதிப் பதிவில் மூன்று எச்சரிக்கைகளையும் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். சொல்லைத் தேடி வருகிறவர் அடுத்த நிமிடம் செய்து பார்ப்பார்.

ஒன்று, ஏற்றும் முன் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 5 வோல்ட் தடத்தில் 4.75-இலிருந்து 5.25 வரை இருக்கலாம். கொமடோரின் பழைய மின்வழங்கி கெடும்போது அழுத்தம் ஏறிவிடுவதும் உண்டு, அப்போது நினைவகம்தான் முதலில் பலியாகும். நீங்கள் ஏற்றும் நல்ல சில்லும் கூடவே போகும். இரண்டாவது, இரண்டு சில்லுகளின் முனையில் உள்ள வெட்டுக்குறியும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். 4164-ஐத் திருப்பி வைத்தால் 8-ஆம் காலும் 16-ஆம் காலும் இடம் மாறும், அதாவது 5 வோல்ட்டும் நிலமும் இடம் மாறும்.

மூன்றாவதை யாரும் சொல்லித் தருவதில்லை. இன்னொரு பழைய வீட்டுக் கணினியான இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்தின் முதல் 16 கிலோபைட் நினைவகம் 4116 வகைச் சில்லுகளில் இருக்கிறது. பார்வைக்கு 4164 போலவே 16 கால், அதே அளவு. ஆனால் 4116-க்கு +12, +5, −5 என்று மூன்று அழுத்தங்கள் வேண்டும். அதன் 8-ஆம் காலில் வருவது 12 வோல்ட். 4164 அதே காலில் 5 வோல்ட்டை எதிர்பார்க்கிறது. 4116 மேல் 4164-ஐ ஏற்றினால் மூட்டை அந்த இடத்திலேயே கருகிவிடும்.

பதிவின் வரைவு: உப்புமூட்டைச் சோதனை (பெயர்ச்சொல்): பலகையிலிருந்து கழற்றாமல், பழுது என ஐயுறும் சில்லின் மேல் அதே வகை நல்ல சில்லைக் காலோடு கால் பொருந்த ஏற்றிப் பார்த்தல். "நாலாவது சில்லில் மூட்டை எடுபட்டது, அதை மட்டும் மாற்றினேன்."

ஒற்று மிகுமா என்று கேட்டிருந்தார்கள். சுமைச் சோதனை போலத்தான், மிகும்.