மாநிலச் சட்டமுன்வடிவு பற்றி மாநகராட்சி நிலைக்குழு கருத்து சொல்வது எப்படி?

வெண்ணாறு கேட்டது:

வணக்கம். டெல்டாவில் ஒரு மாநகராட்சியின் நகரமைப்புக் குழுவில் உறுப்பினராக இருக்கிறேன். நீர்வழிகளை ஒட்டிய கட்டட அனுமதி, அதற்கான கட்டணம் இரண்டையும் மாற்றும் மாநிலச் சட்டத்திருத்த வரைவு ஒன்று எங்கள் குழுவின் பார்வைக்கு வந்திருக்கிறது. பாதிப் பக்கங்கள் "இன்ன சொற்களுக்குப் பதிலாக இன்ன சொற்கள்" என்றே ஓடுகின்றன, தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. குழுவில் சிலர் எதிர்ப்புத் தீர்மானம் போட்டுவிடலாம் என்கிறார்கள். சிலர், நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். நம் கருத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டா? வரைவை எப்படிப் படிப்பது? யாருக்கு, எந்த வடிவில் அனுப்புவது?

குடமுருட்டி பதில்:

அரசைக் கட்டுப்படுத்தும் மதிப்பு கிடையாது. உள்ளாட்சி என்பது அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 5ஆவது இனம். 1993 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கும் 74ஆவது திருத்தமும், அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் வழியாக "வழங்கலாம்" என்றுதான் சொல்கிறது. ஆனால் பன்னிரண்டாம் அட்டவணையின் 18 இனங்களில் முதலாவது நகரத் திட்டமிடல், இரண்டாவது நிலப் பயன்பாடும் கட்டட ஒழுங்குமுறையும். உங்கள் வரைவு கைவைப்பது இந்த இரண்டிலும்தான். கருத்துரையின் முதல் பத்தியிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, கையில் இருப்பது என்ன என்று பாருங்கள். அரசிதழின் நான்காம் பகுதி முதல் பிரிவில் வந்திருந்தால் சட்டமுன்வடிவு, அதாவது பேரவைக்கான மசோதா. ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசித் தேதி குறித்திருந்தால் அநேகமாக அது வரைவு விதி, அதாவது இருக்கும் சட்டத்தின் கீழ் அரசு வகுக்கப்போகும் விதி. அந்தத் தேதி தாண்டிப் போகும் கடிதம் கோப்பில் சேரும், அவ்வளவுதான்.

சட்டமுன்வடிவு என்றால் காலம் இன்னும் குறுகியது. சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில் நிறைவேறியது. நீர்நிலைகள் உள்ள நிலங்களையும் பெருந்திட்டங்களுக்கு ஒருங்கிணைக்க வழிசெய்யும் சட்டம் அது; நீர்நிலைகள் என்ன ஆகும் என்ற கேள்விகளில் பல அதற்குப் பிறகு வந்தவை. அதே நாளில் நிறைவேறிய, 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தை மே 1ஆம் தேதி அரசே திரும்பப் பெறுவதாக அறிவித்ததும் உண்மை. ஆகவே சொல்லிப் பயனில்லை என்பது சரியல்ல. ஆனால் பேரவையில் வைப்பதற்கு முன் போய்ச் சேரும் நாலு பக்கம், நிறைவேறிய பின் போகும் நாற்பது பக்கத்தைவிட மேல்.

கீழவாசல் பதில்:

திருத்த வரைவைத் தனியாகப் படித்தால் யாருக்கும் புரியாது. மூலச் சட்டத்தை எடுத்து, ஒவ்வொரு திருத்தத்தையும் அதனுள் எழுதி, திருத்தப்பட்ட வாசகமாக ஒரு பிரதி தயார் செய்யுங்கள். பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். மூலச் சட்டம் எது என்பதில்தான் தவறு நடக்கிறது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998, முழு அளவில் நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரல் 13 அன்று. 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டமும் தனித்தனி மாநகராட்சிச் சட்டங்களும் அதோடு போய்விட்டன. அலுவலக அலமாரியில் இருப்பது பல இடங்களில் இன்னும் பழைய புத்தகம்தான். அதை வைத்துப் பிரிவு எண் எழுதி அனுப்பினால் முதல் பக்கத்திலேயே மதிப்பு போய்விடும். கட்டட அனுமதி என்பதால் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தையும் பக்கத்தில் வையுங்கள்.

பிறகு "விதித்துரைக்கப்பட்டவாறு" என்று வரும் இடங்களில் எல்லாம் சிவப்புக் கோடு போடுங்கள். எத்தனை மீட்டர், எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் அனுமதி என்பதெல்லாம் பின்னால் வரப்போகும் விதிகளில் இருக்கும் என்று அதற்குப் பொருள். சட்டத்திலேயே இருக்க வேண்டியது எது, விதிக்கு விடலாம் எது என்று பிரித்துச் சொல்வதுதான் ஒரு குழு செய்யக்கூடிய உருப்படியான வேலை. "வேறெந்தச் சட்டத்தில் என்ன கூறியிருந்தபோதிலும்" என்று தொடங்கும் பிரிவு இருந்தால், அது எந்தெந்தச் சட்டங்களை ஓரம்கட்டுகிறது என்று பட்டியலிடுங்கள்.

வரையறைப் பிரிவில் நேரம் செலவிடுங்கள், டெல்டாவுக்கு உயிர்நாடி அங்கேதான். "ஆறு, ஏரி, குளம்" என்று மட்டும் இருந்தால் பாசன வாய்க்காலும் வடிகாலும் வெளியே நிற்கும். 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் பொதுப்பணித் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள ஏரிகளைப் பற்றியது. கோயில் குளமும் மாநகராட்சிக் குட்டையும் அதில் வராது. கும்பகோணம் போன்ற ஊரில் இது சின்ன ஓட்டை இல்லை. நீர்வளத் துறை, மாநகராட்சி, அறநிலையத் துறை, யார் பொறுப்பில் இருந்தாலும் பொருந்தும் என்று வரையறை கேளுங்கள்.

தூரத்தை எங்கிருந்து அளப்பது என்பது இன்னொன்று. "நீர் விளிம்பிலிருந்து" என்று வரைவில் இருந்தால் விடாதீர்கள். மேட்டூர் திறப்பு வழக்கமாக ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. ஏப்ரலில் அளக்கப் போகிறவருக்கு வாய்க்காலில் விளிம்பே இருக்காது, காய்ந்த தரையின் நடுவிலிருந்து டேப் பிடிப்பார். நகர நில அளவைப் பதிவேட்டில் உள்ள புறம்போக்கு எல்லையிலிருந்து அளக்க வேண்டும் என்று மாற்று வாசகம் கொடுங்கள். கரை அகலமாக இருக்கும் இடங்களில் கரையின் வெளிப்புற அடியிலிருந்து என்று சேர்க்கலாம். சில வாய்க்கால்கள் அந்தப் பதிவேட்டில் தெரு என்றே பதிவாகியிருக்கும். சர்வேயரை வைத்து உங்கள் வார்டுகளில் சரிபார்த்து, எண்களோடு இணைப்பாக வையுங்கள். பாசன வாய்க்காலும் வடிகாலும் ஒன்றல்ல என்பதையும் எழுதுங்கள். வடிகாலை நெருக்கிக் கட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் தெருவே மிதக்கும்.

மதகடி பதில்:

அனுப்பும் முறை பற்றி. நிலைக்குழுவின் கருத்து மாமன்றத்தின் கருத்து ஆகாது. குழு பரிந்துரைத்து, பொருள் நிரலில் வைத்து, மாமன்றம் தீர்மான எண்ணோடு ஏற்ற பிறகு ஆணையர் அனுப்ப வேண்டும். நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும், நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலாளருக்கும் போகும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்: நகர் ஊரமைப்பு இயக்ககம் இருப்பது வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ். சட்டமுன்வடிவின் இறுதியில் உள்ள நோக்க காரண விளக்கவுரையில் எந்த அமைச்சரின் பெயர் இருக்கிறதோ, அந்தத் துறைக்குத்தான் முதல் பிரதி. உங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினருக்கும் கொடுங்கள். பேரவையில் திருத்தம் கொண்டுவர முடிந்தவர் அவர்தான். வாசகம் தயாராகக் கையில் இருந்தால்தான் அவரும் நேரத்துக்கு முன்னறிவிப்பு கொடுக்க முடியும்.

வடிவம்: நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணை போதும். இப்போதைய வாசகம், வரைவு வாசகம், நாம் கேட்கும் வாசகம், காரணம். காரணம் மூன்று வரிக்கு மேல் வேண்டாம். தமிழ் வாசகத்தோடு ஆங்கில வாசகத்தையும் இணையுங்கள். அரசமைப்புப் பிரிவு 348(3) படி அரசிதழில் வெளியாகும் ஆங்கில மொழிபெயர்ப்பே ஆங்கிலத்தில் அதிகாரபூர்வ வாசகமாகக் கொள்ளப்படும்.

கட்டணப் பிரிவுக்கு உணர்ச்சி உதவாது, கணக்கு உதவும். நகரமைப்புப் பிரிவிலிருந்து கடந்த மூன்று நிதியாண்டின் அனுமதி எண்ணிக்கையும் கட்டண வரவும் வாங்குங்கள். வருவாய்ப் பிரிவிலிருந்து சொத்து வரி, காலிமனை வரிக்கான கேட்பு (வசூலிக்க வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியல். புதிய விகிதத்தில் அதே எண்ணிக்கையைப் போட்டுப் பாருங்கள். பணம் மாநகராட்சி நிதியில் விழுகிறதா, அரசுக் கணக்கில் விழுகிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். ஆய்வுப் பொறுப்பு உங்கள் தலையில், கட்டணம் வேறெங்கோ என்று பல வரைவுகள் வருவதுண்டு.

"வன்மையாகக் கண்டிக்கிறது" என்று ஒரு வரித் தீர்மானம் நாளிதழுக்கு நல்லது, செயலகத்தில் அதை வைத்து ஒருவரும் எதையும் திருத்த முடியாது. குழுவில் ஒத்துப்போகாதவர்களின் மாற்றுக் கருத்தைத் தனித்தாளில் இணைத்துவிடுங்கள், கூட்டம் இழுக்காது.

வெண்ணாறு:

நன்றி, மூவருக்கும். வரைவை வார்டு மக்களிடம் காட்டலாமா?

குடமுருட்டி:

அரசிதழில் வந்துவிட்டால் பொது ஆவணம், பகுதி சபையிலேயே வாசிக்கலாம். அதற்கு முந்தைய சுற்றறிக்கை வரைவு என்றால், வெளியிடலாமா என்று ஆணையரிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.