இளைஞர் நீதிக் குழுமங்களும் நாடாளுமன்றக் கேள்விகளும்: நேரில் கண்டவை

சட்ட உதவி வழக்கறிஞர்:

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தோடு ஏதாவது ஒரு வகையில் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நாடாளுமன்றத்தில் பார்த்ததாக இருக்கலாம், அரசு அலுவலகத்தில் கேட்டுப் பெற்றதாக இருக்கலாம், கேட்டும் கிடைக்காததாகவும் இருக்கலாம். சிறார்களின் பெயர், ஊர், பள்ளி எதையும் குறிப்பிட வேண்டாம். 74ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. தடை செய்யத்தான் வேண்டும்.

முதலில் என்னுடையது. 18 வயது நிரம்பாதவர்கள் மீதான குற்ற வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் அமர்வு நீதிமன்றம் போல இருக்கக் கூடாது, உயர்ந்த மேடை கூடாது, சாட்சிக்கூண்டு கூடாது என்கின்றன 2016 மாதிரி விதிகள். நான் செல்லும் குழுமத்திலும் சாதாரண மேசைதான். நடுவருக்கும் இரண்டு சமூக உறுப்பினர்களுக்கும் மூன்று நாற்காலிகள். அவற்றில் ஒன்று நெடுநாளாகக் காலி. அந்த மேசையில்தான் பதினேழு வயதுப் பையன் ஒருவனின் முதற்கட்ட மதிப்பீட்டு அறிக்கையைப் படித்தேன். 16 வயது நிரம்பி 18 நிரம்பாதவர் மீது கொடுங்குற்ற (குறைந்தது ஏழாண்டு சிறைத்தண்டனை உள்ள குற்றம்) வழக்கு வந்தால், அவருடைய உடல், மன ஆற்றல், விளைவை உணரும் திறன், சம்பவம் நடந்த சூழ்நிலை ஆகியவற்றை ஆராய வேண்டும். அதன் பிறகே அவரைப் பெரியவராகக் கருதி விசாரிக்கலாமா என்று குழுமம் முடிவெடுக்கும். 15ஆவது பிரிவு சொல்வது இது. ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே தீர்மானிக்கக்கூடிய அந்த அறிக்கை ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. 'விளைவை உணரும் திறன்' என்ற தலைப்புக்கு எதிரே, "கேட்ட கேள்விகளுக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறான்" என்று ஒரே வரி. மனநல வல்லுநரின் கருத்தைப் பெற வேண்டும் என்று வாதாடினேன், குழுமம் ஏற்றுக்கொண்டது. வாதாட ஆளில்லாத பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். எத்தனை மதிப்பீடுகள் நடந்தன, எத்தனை பேர் அதன் பிறகு அவ்வழக்குகளை விசாரிக்கும் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டார்கள் என்ற மாவட்டவாரிக் கணக்கை எந்த அரசு இணையதளத்திலும் நான் பார்த்ததில்லை.

முன்னாள் நாடாளுமன்ற ஆய்வு உதவியாளர்:

அம்மா, கணக்கு சரியில்லை என்ற புகார் இந்தச் சட்டம் பிறக்கும் முன்பே எழுந்தது. அப்போது ஓர் உறுப்பினரிடம் வேலை பார்த்தேன். 2014 ஆகஸ்டில் அன்றைய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் மேனகா காந்தி இந்தச் சட்டத்துக்கான மசோதாவை அறிமுகப்படுத்தினார். மனிதவள மேம்பாட்டுக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அது சென்றது. 2015 பிப்ரவரியில் குழு தன் 264ஆவது அறிக்கையைத் தந்தது. அதை அச்சில் கையில் வாங்கி இரவோடு இரவாகச் சுருக்கம் எழுதிக் கொடுத்தேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் எண்கள் முதல் தகவல் அறிக்கைகளை வைத்துத் தொகுக்கப்பட்டவை, குற்றம் நிரூபணமானதை வைத்து அல்ல. அவற்றை நம்பிப் பெரியவராக விசாரிக்கும் வயதை 18இலிருந்து குறைக்கலாகாது என்று குழு எழுதியிருந்தது. மொத்தக் குற்றங்களில் சிறார் பங்கு அப்போது சுமார் 1.2 சதவீதம். 16 வயதினரைப் பெரியவர்களோடு சேர்ப்பது அரசியலமைப்புக்கும் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கைக்கும் ஒவ்வாது என்பதும் குழுவின் முடிவு.

அரசு அதில் ஒரு பகுதியை ஏற்றது. 16 முதல் 18 வயதுக்குள் குற்றம் செய்தவர் 21 வயதுக்குப் பின் பிடிபட்டால் பெரியவராகவே விசாரிக்கலாம் என்ற பிரிவு நீக்கப்பட்டது. 16 வயது பற்றிய பிரிவு அப்படியே நின்றது. மே மாதம் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறிய 2015 டிசம்பர் 22ஐ மறக்க மாட்டேன். 2012 டெல்லி கூட்டு வன்புணர்வுக் கொலை வழக்கின் சிறார் குற்றவாளி இரண்டு நாள் முன்புதான் விடுதலையாகியிருந்தார். நாடே கொதித்துக்கொண்டிருந்தது. மசோதாவை மேலும் ஆராயத் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்று கேட்ட மார்க்சிஸ்ட் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நிலைக்குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியதை அன்று எடுத்து வாசித்தவர்கள் மிகச் சிலர்.

அதன் பிறகு கேள்வி நேரம்தான் வழி. முழு உறுப்பினர்களோடு இயங்கும் குழுமங்கள் எத்தனை என்று எழுத்துமூலக் கேள்வி தயாரித்தோம். சட்டத்தைச் செயல்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பு, தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும் என்று பதில். எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இது: 'தகவல் திரட்டப்படுகிறது' என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் அரசு உறுதிமொழிக் குழுவிடம் விளக்கம் சொல்ல வேண்டும். உறுப்பினரை விடாமல் பின்தொடர்ந்தால் பலன் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தகவல் திரட்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது என் அனுபவம். 16ஆவது பிரிவைப் படியுங்கள். நிலுவை வழக்குகளின் விவரத்தைக் காலாண்டுக்கு ஒருமுறை தலைமை நீதித்துறை நடுவருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் குழுமம் அனுப்பியே ஆக வேண்டும். ஆகவே எண் ஏற்கெனவே ஒரு கோப்பில் இருக்கிறது.

பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தக் காலாண்டு அறிக்கையின் நகலைக் கேட்டேன். குறிப்பாக, ஆறு மாதத்தைத் தாண்டிய சிறு குற்ற (மூன்றாண்டு வரை மட்டுமே சிறைத்தண்டனை உள்ள குற்றம்) வழக்குகள் எத்தனை என்றும் கேட்டேன். காரணம் இருக்கிறது. சிறு குற்றமென்றால், நீட்டிப்பையும் சேர்த்து ஆறு மாதத்தில் விசாரணை முடியாவிட்டால் நடவடிக்கையே முடிவுக்கு வந்துவிடும் என்கிறது 14ஆவது பிரிவு. அப்படியிருக்க, வாய்தாவுக்கு வாய்தா பிள்ளைகளை வரச்சொல்லிக்கொண்டிருந்தால், இல்லாத வழக்குக்காக அவர்கள் பள்ளியையும் வேலையையும் விட்டு வருகிறார்கள் என்று பொருள்.

பொதுத் தகவல் அலுவலரின் பதில்: "சிறார் அடையாளம் சார்ந்த தகவல், 74ஆவது பிரிவின்படி வழங்க இயலாது." முதல் மேல்முறையீடு செய்தேன். விசாரணையில் மேல்முறையீட்டு அலுவலர் என் மனுவை வரிவரியாகப் படித்துவிட்டு, "இதில் பெயர் எங்கே கேட்டிருக்கிறார்?" என்று தன் அலுவலரிடமே கேட்டார். எண்கள் வந்தன. ஆறு மாதம் கடந்த சிறு வழக்குகளும் அந்தப் பட்டியலில் இருந்தன.

கூடவே சிறார்கள் தங்கவைக்கப்படும் இல்லங்களின் ஆய்வுக் குழுப் பதிவேட்டையும் கேட்டிருந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது குழு நேரில் செல்ல வேண்டும். அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். எனக்கு வந்த நகல்களில் 'குறைகள்' என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று ஒரே கையெழுத்து. மருத்துவர் ஒப்பமிட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. 2022 இறுதியில் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் ஒரு சிறுவன் உயிரிழந்த பிறகுதான், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு தமிழ்நாட்டு இல்லங்களை ஆராய்ந்து 2023இல் அறிக்கை தந்தது. அந்த வெற்றுக் கட்டங்களை அதற்கு முன்பே யாராவது கேட்டிருக்க வேண்டும் என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் தீரவில்லை.

முன்னாள் நன்னடத்தை அலுவலர்:

ஆசிரியர் ஐயா சொல்வதை முழுதும் ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். என் பொறுப்பில் இருந்த பையன் ஒருவனைப் பற்றிய செய்தியில் பெயர் இல்லை. தெருவும் வகுப்பும் இருந்தன. மறுநாள் முதல் அவன் பள்ளிக்குப் போகவில்லை. எண்ணிக்கை கேட்கும்போது மாவட்ட அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர்வாரியாக, குற்றவாரியாக, வயதுவாரியாகப் பிரித்துக் கேட்டால் இரண்டு பேர் மூன்று பேர் என்று வரும். அங்கே யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

அலுவலகத்துக்குள் இருந்தவன் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறாரின் குடும்ப, சமூகச் சூழலை விசாரித்து நன்னடத்தை அலுவலர் குழுமத்துக்குத் தரும் சமூக விசாரணை அறிக்கைக்கான படிவம் 6ஐ உருப்படியாக நிரப்ப, வீட்டுக்கும் பள்ளிக்கும் அக்கம்பக்கத்துக்கும் போக வேண்டும். ஒரே அலுவலர் மாவட்டம் முழுவதையும் பார்த்தால் அது நடக்காது. வழக்கறிஞர் அம்மா கண்ட ஒற்றை வரி அறிக்கைகள் பெரும்பாலும் ஆள் பற்றாக்குறையில் பிறப்பவை. காலிப் பணியிடங்களையும் கேளுங்கள்.

சட்ட உதவி வழக்கறிஞர்:

மூவருக்கும் நன்றி. மாநிலங்களின் நீதி அமைப்புகளை மதிப்பிடும் இந்திய நீதி அறிக்கை 2025இல் வெளியிட்ட சிறார் நீதி ஆய்வும் தகவல் அறியும் உரிமை மனுக்கள் மூலமே தொகுக்கப்பட்டது. 362 குழுமங்களின் முன் இருந்த வழக்குகளில் 55 சதவீதம் 2023 அக்டோபர் 31 அன்று நிலுவையில் இருந்தன. மற்ற நீதிமன்றங்களுக்கு இருக்கும் தேசிய நீதித்துறைத் தரவுத்தளம் (நிலுவை வழக்குகளின் விவரத்தைக் காட்டும் இணையதளம்) போலப் பொதுமக்கள் பார்க்கக்கூடிய ஒன்று குழுமங்களுக்கு இல்லை.

எங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுக்கக் கேள்வி தயாரித்திருக்கிறேன். கேள்விக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு தேவை என்பதால், அடுத்த கூட்டத்தொடர் அறிவித்த உடனே கொடுத்துவிடுவேன்:

"16ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு வந்த காலாண்டு அறிக்கைகள், சிறார் அடையாளமின்றி, மாவட்டவாரியாக இணையத்தில் வெளியிடப்படுமா? ஆறு மாதம் கடந்த சிறு குற்ற வழக்குகள், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்ட வழக்குகள், நன்னடத்தை அலுவலர் காலியிடங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கை என்ன?"

வேறு மாவட்டங்களில் 74ஆவது பிரிவைக் காட்டி வெறும் எண்ணிக்கையை மறுத்திருந்தால், அந்த மறுப்புக் கடிதத்தின் வாசகத்தை மட்டும் எழுதுங்கள். கேள்வியோடு சேர்த்து உறுப்பினரிடம் கொடுக்கிறேன்.