அப்பாவின் ஆர்எக்ஸ் 100, எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு நாள்

குழு: தோட்டத்து ஒறம்பரை (சொந்தக்காரர்கள்)

சனிக்கிழமை

காலை 6:50
சித்தி: (தாமரைப் பூ படம். இனிய காலை வணக்கம்)

7:40
பிரவீன்: செந்தில் மாமா, இருக்கீங்களா? அப்பாவோட யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கை நேற்றுத் தோட்டத்துச் சாளை ஓரத்தில் இருந்து எடுத்தேன். ஐப்பசி மழையில் நிறுத்தியது, நாலு மாதம் ஆகிவிட்டது. முப்பது உதை உதைத்தேன். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறதுங்க. சோக்கை எடுத்தால் அணைந்துவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் ஓடும், விட்டால் போச்சு.

7:52
செந்தில் மாமா: சோக்கில் நிற்கிறது, ஆக்ஸிலேட்டரை விட்டால் ஸ்லோவில் நிற்கவில்லை. அவ்வளவுதானே மாப்ள? பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்பரேட்டரில், ஸ்லோவுக்குப் பெட்ரோல் விடுகிற பொடி ஓட்டைத் திருகு, அந்த ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும். சோக் போட்டால் பெட்ரோல் வேறு வழியில் வருகிறது, அதனால்தான் ஓடுகிறது.

7:53
கவிதா: அந்த வண்டியை விடவே மாட்டீங்களாடா? 1996-லேயே கம்பெனிக்காரனே தயாரிப்பதை நிறுத்திவிட்டான்.

7:58
பெரியப்பா: அம்மிணி, அந்த டேங்க் மேல் உட்கார்ந்துதான் நீ ஒண்ணாப்பு போனது.

8:01
பிரவீன்: ஈரோட்டில் ஒரு பட்டறையில் கேட்டேன் மாமா. திறந்துகூடப் பார்க்கவில்லை. கார்பரேட்டரே போச்சு, புது செட் மாற்று என்கிறார்.

8:05
செந்தில் மாமா: 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 புகை விதி வந்ததில் இருந்து புது வண்டிகளில் பெரும்பாலும் கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்ஷன்தான். இப்போது தொழில் பழகுகிற பசங்களுக்குக் கார்பரேட்டரைக் கழற்றுகிற சோலியே வருவதில்லை. அவரைச் சொல்லி என்ன ஆகிறது? நீயே கழற்று. முதலில் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கார்பரேட்டரில் பெட்ரோல் நிற்கிற கப்புக்கு அடியில் ட்ரெயின் ஸ்க்ரூ இருக்கும் பார், அதைத் தளர்த்தி, வருகிற பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடி. போசிப் பாத்திரத்தில் பிடித்தால் அடியில் என்ன நிற்கிறது என்று தெரியாது.

8:31
பிரவீன்: (படம்) அடியில் உருண்டை உருண்டையாக ஏதோ நிற்கிறதுங்க. டம்ளரைச் சாய்த்தால் பாதரசம் மாதிரி ஓடுகிறது. வாசமும் பெட்ரோல் வாசம் இல்லை, பழைய வார்னிஷ் நாற்றம்.

8:32
அம்மா: அது அப்பா காபி குடிக்கிற டம்ளர்.

8:34
செந்தில் மாமா: தண்ணீர் மாப்ள அது. மழை டேங்குக்குள் இறங்கி இருக்கிறது. இப்போது பங்கில் போடுகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது ஈரத்தைக் கொஞ்சம்போலத் தனக்குள் வைத்துக்கொள்ளும். தண்ணீர் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். டேங்கில் இருப்பதையும் முழுக்க இறக்கு.

8:36
பிரவீன்: மூடி சாவி போட்டுப் பூட்டித்தானே இருந்தது? மழை எப்படி இறங்கும்?

8:50
அப்பா: மூடி நன்றாகத்தான் இருக்கிறது.

9:15
செந்தில் மாமா: சரி, கார்பரேட்டரை இறக்கு. மேல்மூடியைத் திருகினால் கேபிளோடு, காற்று வழியைத் திறந்து மூடுகிற ஸ்லைடும் அதில் தொங்குகிற நீடில் ஊசியும் சேர்ந்து வரும். ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் வெட்டு இருக்கும். திரும்ப மாட்டும்போது அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் இருக்க வேண்டும். நீடில் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும், கை வைக்காதே. கழற்றுகிற சாமானை எல்லாம் ஒரு வட்டல் தட்டில் போடு. மண் தரையில் ஸ்க்ரூ விழுந்தால் கோழி தின்றுவிடும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

10:02
பிரவீன்: கப் ஸ்க்ரூ நாலில் ஒன்று அசையவே மாட்டேன் என்கிறதுங்க.

10:04
செந்தில் மாமா: வெறி காட்டாதே, தலை மழுங்கிவிடும். காடிக்குச் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூ டிரைவரை வைத்து, பின்னால் சுத்தியலில் நறுக்கென்று இரண்டு தட்டு. அப்புறம் திருப்பு.

10:09
பிரவீன்: வந்துவிட்டது!! உள்ளே பச்சையாகப் பாசி மாதிரி பிடித்திருக்கிறது. ஏர் ஸ்க்ரூவையும் கழற்றட்டுங்களா?

10:11
செந்தில் மாமா: கழற்றும் முன்னால் அதை உள்பக்கமாகத் திருகு, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணு. முட்டியதும் நிறுத்து, இறுக்கினால் முனை போய்விடும்.

10:14
பிரவீன்: ஒன்றேகால். சுவரில் கரித்துண்டால் எழுதி வைத்துவிட்டேன்.

10:15
அம்மா: பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரா?

10:40
பிரவீன்: மெயின் ஜெட்டை வெயிலில் பிடித்தால் வட்டமாக வெளிச்சம் தெரிகிறது. ஸ்லோ ஜெட் கும்மிருட்டு. குண்டூசி விட்டுக் குத்தட்டுமா?

10:40
செந்தில் மாமா: வேண்டாம்

10:40
செந்தில் மாமா: வேண்டாம் மாப்ள கீழே வை

10:44
செந்தில் மாமா: ஜெட் பித்தளை. குண்டூசி, கிளட்ச் கேபிள் இழை எல்லாம் இரும்பு. அந்த ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் வண்டி காலத்துக்கும் பெட்ரோல் குடிக்கும், நீ எதனால் என்று தெரியாமலே சுற்றுவாய். கரண்ட் ஒயரை உரித்து, செம்பு இழை ஒன்றே ஒன்றை எடு. ஜெட்டில் கார்ப் கிளீனர் அடித்து அரை மணி ஊறவிட்டு, அப்புறம் அந்த இழையைத் தள்ளாமல், திருகாமல் சும்மா விட்டு எடு. பக்கவாட்டிலும் பொடி ஓட்டைகள் இருக்கும், அதையும் பார்.

ஜெட்டை மட்டும் துடைத்து மாட்டிவிட்டு, சரியாகவில்லையே என்பவர்கள்தான் அதிகம். வழியும் அடைத்திருக்கும். ஸ்லோ ஜெட் உட்கார்ந்திருந்த குழியில் கிளீனர் குழாயை வைத்து அடி. இன்ஜின் பக்கத்து வாயில், ஸ்லைடுக்குக் கீழே ஊசிமுனைத் துளை இருக்கும், அது வழியாகப் பீய்ச்ச வேண்டும். ஏர் ஸ்க்ரூ துளையிலும் வர வேண்டும். இரண்டிலும் வந்தால்தான் சுத்தம். ரப்பர் வளையம், ஃப்ளோட் எல்லாவற்றையும் முன்னாலேயே எடுத்துவிடு, கிளீனர் பட்டால் ரப்பர் உப்பிப் போகும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். எந்தத் துளையில் இருந்து கண்ணுக்கு வரும் என்று சொல்ல முடியாது. நான் ஒருமுறை வாங்கி, கட்டுத்தரைத் தண்ணீர்த் தொட்டியில் தலையை விட்டிருக்கிறேன்.

12:30
பிரவீன்: பஞ்சர் கடையில் காற்றும் பிடித்துவிட்டேன். இப்போது ஸ்லோ ஜெட்டில் வெளிச்சம் தெரிகிறது. கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பக்கத்துத் தென்னை மரம் துளியூண்டு தெரிகிறது மாமா!

மாலை 4:45
பிரவீன்: (குரல் பதிவு, 0:22)

4:47
பெரியப்பா: ஆகா. அந்தச் சத்தம். போனைக் காதில் வைத்தே கேட்டேன்.

4:50
செந்தில் மாமா: ஸ்லோவில் கொஞ்சம் ஏறி இறங்குகிறது. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஏர் ஸ்க்ரூவைக் கால் காலாகத் திருப்பு. ஆர்எக்ஸில் அது ஏர் ஃபில்டர் பக்கம் இருப்பதால் காற்றைத்தான் கூட்டிக் குறைக்கும். வெளியே திருப்பினால் காற்று அதிகம். சத்தம் எங்கே சீராக நிற்கிறதோ அங்கே விட்டுவிடு.

5:30
பிரவீன்: ஒன்றரைச் சுற்றில் நின்றதுங்க. ஒரு லிட்டர் ஊற்றிச் சந்தைக்குப் போய்விட்டு வந்தேன். ஜம்மென்று போகிறது. நாளைக்கு ஈரோடு போகிறேன், அந்தப் பட்டறை வாசலில் ஒருமுறை முறுக்கிவிட்டு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை

காலை 9:20
பிரவீன்: மாமா, நடுரோட்டில் நிற்கிறேன். கோபியில் ஃபுல் டேங்க் அடித்துவிட்டுக் கிளம்பினேன், இரண்டு கிலோமீட்டர் தாண்டவில்லை. இழுத்து இழுத்து அணைந்துவிட்டது. பத்து நிமிடம் நின்றால் ஸ்டார்ட் ஆகிறது, மறுபடியும் கொஞ்ச தூரம், மறுபடியும் அதே கதை. கார்பரேட்டர் நிஜமாகவே போச்சுங்களா?

9:22
கவிதா: நான் சொன்னேனா இல்லையா.

9:24
செந்தில் மாமா: இப்போது அணைந்துதானே நிற்கிறது? அந்த நிலையிலேயே பார்க்க வேண்டும், ஆறவிட்டால் துப்பு போய்விடும். ட்ரெயின் ஸ்க்ரூவைத் திற. கப்பில் பெட்ரோல் இருக்கிறதா?

9:27
பிரவீன்: நாலு சொட்டு வந்தது. நின்றுவிட்டது. டேப் திறந்துதான் இருக்கிறதுங்க.

9:28
செந்தில் மாமா: அப்போது கார்பரேட்டர் மேல் பழி போடாதே. அதற்குச் சாப்பாடே வரவில்லை. ட்ரெயின் ஸ்க்ரூ திறந்தபடியே இருக்கட்டும், டேங்க் மூடியைத் திற.

9:30
பிரவீன்: மாமா!!! மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று உள்ளே காற்று இழுத்தது. கீழே பெட்ரோல் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

9:31
பெரியப்பா: எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் இறங்குமா? எதிர்ப் பக்கம் இன்னொரு குத்து குத்தினால்தானே இறங்கும். அதே கதைதான்.

9:33
கவிதா: அதனால்தான் நேற்று ஓடி இருக்கிறது. ஒரு லிட்டர்தானே ஊற்றினாய்? மீதி முழுக்கக் காற்று, கொஞ்சம் பெட்ரோல் போனாலும் அழுத்தம் பெரிதாகக் குறையாது. ஃபுல் டேங்கில் காற்றுக்கு இடமே இல்லை, சீக்கிரம் வெற்றிடம் வந்துவிடும்.

9:34
செந்தில் மாமா: பெங்களூர் இன்ஜினியர் சரியாகப் பிடித்துவிட்டார். மாப்ள, மூடியைக் கவிழ்த்துப் பார். அடியில் குண்டூசி அளவு ஓட்டை இருக்கும், காற்று போவதற்கு.

9:38
பிரவீன்: (படம்) ஓட்டை இல்லை. சாம்பல் நிறத்தில் கல் மாதிரி ஏதோ ஒட்டி இருக்கிறது. மேலே கட்டைவிரல் ரேகைகூட அப்படியே தெரிகிறது.

9:39
கவிதா: எம்சீல்! ஓட்டை அடைக்கிற பசை!

9:39
கவிதா: அப்பா??

9:52
அப்பா: கார்த்திகையில் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. அந்த ஓட்டை வழியாகத்தான் இறங்குகிறது என்று நினைத்து அடைத்துவிட்டேன்.

9:53
செந்தில் மாமா: தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தி இருக்கீங்க மச்சான் 😂 மாப்ள, கத்தி முனையில் பெயர்த்து எடு. துகள் டேங்குக்குள் விழாமல் மூடியைத் தள்ளி வைத்துக்கொண்டு செய். ஓட்டையில் வாயை வைத்து ஊதினால் காற்று போக வேண்டும்.

10:41
பிரவீன்: கவுந்தப்பாடி தாண்டிச் சித்தோட்டில் டீ குடிக்கிறேன். எங்கேயும் நிற்கவில்லை.

10:44
அப்பா: திரும்ப மழை வந்தால் அதே ஓட்டையில்தானே இறங்கும்?

10:45
செந்தில் மாமா: போன மழைக்கு வண்டி எங்கே நின்றதுங்க?

10:49
அப்பா: சாளைக்கு வெளியேதான். கூரைத் தண்ணீர் விழுகிற ஓரத்தில். உள்ளே மஞ்சள் மூட்டை.

10:50
அம்மா: மஞ்சளை விற்று ஒன்றரை மாதம் ஆகிறது. இப்போது உள்ளே இருப்பது காலிச் சாக்கு மட்டும்தான். பிரவீன், வரும்போது ஒரு கண்ணாடி டம்ளர் வாங்கிக்கொண்டு வா.