பந்தா என்று யாரைச் சொல்வது?

கொங்குப் பக்கம் ஒருவரைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமென்றால் "பந்தா இல்லாதவருங்க" என்பார்கள். பெண் கொடுப்பது முதல் கடன் கொடுப்பது வரை அந்த ஒரு சொல்லை நம்பிப் பேச்சைத் தொடங்கலாம். ஆனால் பந்தாக்காரர் என்று யாரைச் சொல்வது என்பதில்தான் எனக்கு வருத்தம்.

ஈரோட்டு மஞ்சள் மண்டியில் ஒரு வியாபாரியைப் பார்த்தேன். விரலி மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்ப்பது அங்கே வழக்கம். இவர் மஞ்சளைத் தொடவே இல்லை. உடன் வந்தவர் ஒடித்து நீட்ட, போனில் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தார். வயதான விவசாயி ஒருவர், "ஏனுங்க, சரக்கு எப்படிங்க?" என்று கேட்டார். "அப்புறம் பார்க்கலாம், போ" என்றார் இவர். பள்ளிக்கூடம் போகாத குழந்தையைக்கூட "வாங்க கண்ணு, சாப்பிடுங்க" என்று அழைக்கிற சீமை இது. பெரியவர் பேசாமல் மூட்டையின் வாயைச் சுருட்டிக் கட்டினார். வியாபாரி நகர்ந்த பிறகுதான் பக்கத்திலிருந்தவர் "பந்தா" என்றார். எப்போதும் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படுகிற சொல் அது.

காங்கேயம் காளை திமில் அசைய நடந்து வந்தால் அது மிடுக்கு. யார் பார்க்கிறார்கள் என்று காளை கவலைப்படுவதில்லை. பந்தாவுக்கு எதிரில் ஆள் வேண்டும். அந்த ஆள் ஒரு படி கீழே நிற்கவும் வேண்டும். யாரையும் தாழ்த்தாத இடத்தில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

எங்கள் ஊரில் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு செக்கிங் வேலைக்குப் போகும் பெண் ஒருத்தி, தவணையில் ஸ்கூட்டர் வாங்கினாள். கறுப்புக் கண்ணாடி அணிந்து அந்தப் பிள்ளை ஊருக்குள் வந்த அன்று டீக்கடையில், "பந்தாவைப் பார்த்தாயா?" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. ரேஷன் அரிசியோடு நடந்து வந்த கிழவியைப் பார்த்ததும் அந்தப் பிள்ளை வண்டியை நிறுத்தி, "அம்மிச்சி, ஏறுங்க" என்று பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டதை அவர்களும்தான் பார்த்தார்கள். தோட்டங்காடு உள்ள வீட்டுப் பையன் புல்லட்டில் வந்தால் "ஜோராக இருக்கிறது" என்பதும் இதே வாய்கள்தான். அதை அங்கேயே கேட்டேன். "சும்மா ஒரு பேச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.